காலமறிந்து பழக்குதல்

நெய்தல் நிலத்து ஊர்கள் பட்டினம் என்றும் பாக்கம் என்றும் பெயர்பெறும் என்பது இலக்கணம் கற்ற மாணவர் அறிந்த செய்தி. அவ்விரு பெயர்களும் ஒருசேர அமைந்த ஊர் ஒன்று சென்னை நகரத்திலேயே உண்டு. சாந்தோமுக்குத் தெற்கே, அடையாறு கடலொடு கலக்கும் இடத்துக்கு வடக்கே உள்ள பட்டினப்பாக்கமே அது. அவ்வூரின் தென்கோடி மணலில் நின்று நோக்கினால் ஆற்றின் மறுகரையில் அடர்ந்த மரச்செறிவு ஒன்று தோன்றும். அது பிரம்மஞான சபையின் தோட்டம். இக்கரையில் வலையும் படகும். அக்கரையில் நூல்நிலையமும் புகழ்பெற்ற ஆலமரமும். இவ்விரு கரைகளும் விடை கூறவேண்டிய கேள்வி ஒன்றையே இன்று எடுத்துக்கொண்டுள்ளேன்.

கேள்வி மிகச் சிறியது. தளர்நடை நடக்கும் குழந்தைக்கு, மலசலம் கழிக்க இடமும் வேளையும் அறிந்து நடக்கும் பழக்கத்தை எப்போது கற்பிக்கத் தொடங்குவது? மாணவர்கள் நகைக்க வேண்டா. அகர முதல எழுத்தைக் கற்பதற்கு முன்னரே நாம் ஒவ்வொருவரும் கற்றுத் தேறிய பாடம் இது. கற்ற நாளும் கற்பித்தவர் பட்ட பாடும் நம்மில் எவருக்கும் நினைவில்லை. வரலாற்று நூல்களும் இதனை மறந்தமைக்கு அதுவே காரணம் போலும். ஆயினும் சென்ற நூறாண்டுகளில் அரசாங்கங்களும் மருத்துவர்களும் உளநூல் அறிஞர்களும் இதனைப் பற்றிக் கூறியவற்றைத் தொகுத்து நோக்கினால், அது சுவையான ஒரு வரலாறாகவே இருக்கிறது. அதிகாரத்தோடு கூறப்பட்ட விடைகள் எத்தனை முறை தலைகீழாக மாறின என்பதை அதிற் காணலாம்.

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். தமிழ்ப் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியைக் கூர்ந்து நோக்கியவர்கள். பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தம் அதற்குச் சான்று. கிடைத்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்களுள் பழமையானது 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ். அவருக்கு முன்னரே பெரியாழ்வார் கண்ணனைக் குழந்தையாக வைத்துப் பாடி வழிகாட்டினார். காப்பு முதலாகப் பருவங்கள் பத்து. மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தோராம் திங்கள் வரை ஒற்றை எண் கொண்ட திங்கள்களில் இவை அமையும் என்பது பாட்டியல் மரபுகளுள் ஒன்று. ஐந்தாம் திங்களில் கைகளை நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் திங்களில் கைகொட்டும் சப்பாணி. பதின்மூன்றாம் திங்களில் தளர்ந்த அடியெடுத்து வரும் வருகை. இக்காலக் குழந்தை மருத்துவர் கையாளும் வளர்ச்சி அட்டவணையோடு இவற்றை ஒப்பிட்டால் பெரிதும் பொருந்தும். சப்பாணி கொட்டும் நாளைத் தாய் பஞ்சாங்கம் பார்த்துக் குறிப்பதில்லை. இரு கைகளும் தாமே கூடத் தொடங்கும்போது அவள் பாடுகிறாள். பருவம் முன்னே வருகிறது. பாட்டு பின்னே வருகிறது. நம் கேள்விக்குரிய பழக்கத்திற்கு மட்டும் இப்பத்தினுள் இடமில்லை. பாட்டுடைத் தலைவனுக்கு அது பெருமை தாராது என்று புலவர்கள் விட்டிருக்கலாம்.

புலவர் விட்டாலும் பாட்டி விடவில்லை. முற்றத்தின் ஓரத்திலோ கொல்லைப்புறத்திலோ கால்களை நீட்டி அமர்ந்து, பாதங்கள் இரண்டையும் சற்றே விலக்கி வைத்து, அவற்றின்மேல் குழந்தையை உட்கார்த்துவாள். குழந்தையின் கைகளைப் பற்றிக்கொண்டு "ஸ்ஸ்" என்று மெல்ல ஒலியெழுப்புவாள். வேளை தவறாது இவ்வாறு செய்யச் செய்ய, ஒலி கேட்டதும் குழந்தை சிறுநீர் கழிக்கும். என் பாட்டியார் பேரப்பிள்ளைகள் அனைவரையும் இவ்வாறே பழக்கினார். எப்போது தொடங்குவது என்று கேட்டால், "தலை நின்றதும்" என்பார். அதற்குமேல் அவர் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை. இக்காலத்தில் குழந்தைக்கென விற்கப்படும் சிறு பீடத்தைக் கடைகளில் ஆங்கிலப் பெயராற் "பாட்டி" என்றே வழங்குகிறார்கள். முன்னாளில் அந்த வேலையைச் செய்தவளும் பாட்டியே என்பதை எண்ணினால் பெயர்ப் பொருத்தம் நன்றாகத்தான் இருக்கிறது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அங்கே இக்கேள்வி அரசாங்கத்தின் கேள்வியாயிற்று. 1912-இல் அந்நாட்டு அரசு குழந்தைகளின் நலத்துக்கெனத் தனித்துறை ஒன்றை நிறுவியது. அத்துறை 1914-இல் குழந்தைப் பராமரிப்பைப் பற்றிய சிறுநூல் ஒன்றை வெளியிட்டது. பதிப்பு மேற் பதிப்பாக வந்து, இலட்சக்கணக்கான வீடுகளிற் புகுந்த நூல் அது. 1930-களின் தொடக்கத்தில் வந்த பதிப்பு கூறியது இது: மலங்கழிக்கும் பழக்கத்தைக் குழந்தை பிறந்து ஒரு மாதம் முடிந்தவுடனே தொடங்கலாம், மூன்றாம் மாதத்திலேனும் தொடங்கியே ஆகவேண்டும், எட்டாம் மாதத்திற்குள் அது நிறைவேறக்கூடும். நாள்தோறும் ஒரே மணியில், ஒரே முறையில் செய்தல் வேண்டும் என்பது விதி. அது தொழிற்சாலைகளின் காலம். சங்கு ஊதும்போது வேலை தொடங்கி, சங்கு ஊதும்போது வேலை முடிவதைப் போலக் குழந்தையின் குடலும் கடிகாரத்திற்குக் கட்டுப்படும் என்று நம்பினார்கள். நடத்தை உளவியலைத் தோற்றுவித்த ஜான் வாட்சன் என்பார் 1928-இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், குழந்தைகளைக் கட்டியணைத்துக் கொஞ்சுதல் கூடாது, காலையில் கைகுலுக்கினாற் போதும் என்றே கூறினார். அத்தகைய காலத்தில் வந்த விதி வேறெவ்வாறு இருக்கும்?

விதி எழுதுவது எளிது. குழந்தை அதனைப் படிப்பதில்லை. நியூயார்க் நகரில் மிர்ட்டில் மக்ரா என்னும் அம்மையார் இதனைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தார். ஒத்த உருவமுடைய இரட்டையரைத் தேர்ந்தெடுத்து, ஒருவனைப் பிறந்த சில வாரங்களிலிருந்தே பகலில் மணிக்கொருமுறை சட்டியில் அமர்த்தச் செய்தார். மற்றவனை ஓராண்டுக்கு மேல் வாளா விட்டுவிட்டார். 1940-இல் அவர் வெளியிட்ட முடிவு தாய்மார்களைத் திகைக்க வைத்திருக்கும். முதல்வனுக்காகச் செலவழித்த அத்தனை உழைப்பும் அவனைச் சிறிதும் முன்னே கொண்டுசெல்லவில்லை. அவன் நிலைத்த தேர்ச்சி பெற்ற காலத்தை ஒட்டியே, பயிற்சி பெறாத தம்பியும் தொடங்கிய சில நாளில் அவனை எட்டிப்பிடித்தான். நரம்புகள் முதிர்ந்து, மூளையின் ஆணை சிறுநீர்ப்பைக்கு எட்டும் வழி திறந்தாலன்றிப் பயிற்சியாற் பயனில்லை என்பது அவர் கண்ட உண்மை.

இந்த ஆராய்ச்சி வெளிவருவதற்குச் சற்று முன்னர், 1939-ஆம் ஆண்டின் இறுதியில், இத்தாலி நாட்டு அம்மையார் ஒருவர் பட்டினப்பாக்கத்துக்கு எதிர்க்கரையில் வந்து தங்கினார். அவர்தாம் மரியா மாண்டிசோரி. வயது 69. பிரம்மஞான சபையின் தலைவராயிருந்த ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, ஆசிரியர்களுக்குச் சில மாதம் பயிற்சி அளித்துவிட்டுத் திரும்பும் எண்ணத்தோடு வந்தார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் ஏறத்தாழ 300 பேர் அடையாற்றில் அவரிடம் பயின்றனர். 1940 ஜூன் மாதத்தில் இத்தாலி போரில் இறங்கியது. அவர் மகன் மாரியோவை ஆங்கில அரசு பகைநாட்டவர் என்று சிறைவைத்தது. அம்மையாரும் விரும்பிய இடத்துக்குச் செல்ல இயலாதவரானார். அவருடைய எழுபதாம் பிறந்த நாளான ஆகஸ்ட் 31 அன்று மகனை விடுவித்தனர். சில மாதத்துக்கென வந்தவர் 1946 வரை நம் நாட்டிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலில் இருந்த ஆண்டுகளில், பிறந்தது முதல் மூன்று வயது வரையுள்ள மிகச் சிறு குழந்தைகளை அவர் கூர்ந்து நோக்கினார். அந்நோக்கின் பயனாக விளைந்த சொற்பொழிவுகளே பின்னர் நூலாகத் தொகுக்கப்பட்டு 1949-இல் அடையாற்றில் அச்சாயின. உலகெங்கும் இன்று கற்பிக்கப்படும் அந்நூல் முதன்முதலில் நம் சென்னையில் வெளிவந்தது என்பதைச் சென்னை மாணவர்களிற் பலர் அறியார்.

மாண்டிசோரி அம்மையாரின் கொள்கையில் நமக்கு வேண்டிய பகுதி ஒன்று உண்டு. குழந்தையின் வாழ்க்கையில் ஒவ்வொரு திறனுக்கும் ஒரு கூருணர்வுக் காலம் வருகிறது. அக்காலத்தில் அது தானாகவே ஈர்க்கப்பட்டுக் களிப்போடு கற்கும். காலம் கடந்தால் அந்த ஈர்ப்பு மறையும் என்றார் அவர். இக்கருத்தை ஹாலந்து நாட்டு உயிர்நூல் அறிஞர் ஹியூகோ டி விரீஸ் என்பாரிடமிருந்து பெற்றார். ஒரு வகைக் கம்பளிப்புழு முட்டையிலிருந்து வெளிப்பட்டவுடன் ஒளியை நாடிக் கிளையின் நுனிக்கு ஏறும். அங்கேதான் அதன் வாய்க்கேற்ற இளந்தளிர் உண்டு. முதிர்ந்த இலையைத் தின்னும் வலிமை வந்தவுடன் ஒளியின்மேல் இருந்த அந்த வேட்கை தானே நீங்கிவிடும். யாரும் அதற்குக் கற்பித்ததில்லை. நடையைப் பற்றியும் அவர் இவ்வாறே விளக்கினார். சிறுமூளையும் நரம்புகளும் பாதத்து எலும்பும் தத்தம் அளவில் முதிர்ந்த பின்னரே குழந்தை நடக்கும். அதற்குமுன் நடக்கக் கற்பிக்க முயல்வது வீண். நியூயார்க் அம்மையார் இரட்டையரிடத்துக் கண்டதும் இதுவேயன்றோ? ஒன்றரை வயது முதல் மூன்று வயது வரை குழந்தைக்கு ஒழுங்கின்மேல் ஒரு பிடிவாதம் உண்டு. செருப்பு அதன் இடத்தில் இருக்க வேண்டும். அப்பாவின் நாற்காலியில் மாமா உட்கார்ந்தால் அழும். பொருளுக்கு இடம் உண்டு என்று தானே கண்டுகொள்ளும் அப்பருவமே, மலசலத்துக்கும் இடம் உண்டு என்று கற்பிக்க ஏற்ற பருவம் என்பது என் கருத்து.

மாண்டிசோரி சென்னைக்கு வந்த அதே 1939-இல் இங்கிலாந்தில் வேறொரு நிகழ்ச்சி. செப்டம்பர்த் தொடக்கத்தில், வான்குண்டுக்கு அஞ்சி, ஏறத்தாழ 15 இலட்சம் பேரை, பெரும்பாலும் குழந்தைகளையும் தாய்மாரையும், மூன்று நான்கு நாள்களில் நகரங்களிலிருந்து நாட்டுப்புறத்துக்கு அனுப்பினர். சின்னாளில் ஊரெங்கும் ஒரே கூக்குரல்: வந்த பிள்ளைகள் படுக்கையை நனைக்கின்றன என்று. நகரத்து ஏழைத் தாய்மார் பிள்ளைகளைப் பழக்கத் தெரியாதவர்கள் என்று பழி சுமத்தினர். வீட்டில் நனையாது உறங்கிய பிள்ளைகளும் இங்கே நனைத்தன என்பதை மருத்துவர்கள் பின்னரே எடுத்துக்காட்டினர். தாயைப் பிரிந்த அச்சமே காரணம். லண்டனில் போர்க்காலக் குழந்தை இல்லங்கள் நடத்திய அன்னா பிராய்டும் அவர் தோழியாரும், தாயைப் பிரிந்த சிறு குழந்தை முதலில் இழப்பது கடைசியாகக் கற்ற பழக்கத்தையே என்று எழுதினர். பழக்கம் தாயின் முகத்துக்காகக் கற்றது; முகம் மறைந்தால் பழக்கமும் மறைகிறது.

இது எங்கோ நடந்த செய்தி என்று எண்ண வேண்டா. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பட்டினப்பாக்கத்துச் சீனிவாசபுரத்தில் குடிசைகளை வாரிச்சென்றது. அத்தகைய பேரிடருக்குப் பின் ஐந்தாறு வயதுப் பிள்ளைகளும் மீண்டும் படுக்கையை நனைப்பது மருத்துவர் யாவரும் அறிந்த குறி. வீடு மாறும்போதும் தம்பியோ தங்கையோ பிறக்கும்போதும் இப்பயிற்சியைத் தொடங்காதீர்கள் என்று இன்று அவர்கள் அறிவுரை கூறுவது இவ்வனுபவத்தின் அடிப்படையில்தான்.

போருக்குப் பின் காற்று திசைமாறியது. 1946-இல் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய நூல், தாய்மாரே, உங்கள் அறிவை நம்புங்கள் என்ற போக்கில் அமைந்தது. பாஸ்டன் நகரத்துக் குழந்தை மருத்துவர் பெரி பிரேசல்டன் 1962-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தம் மருத்துவச் சாலைக்குப் பத்தாண்டுகளாக வந்த 1,170 குழந்தைகளின் குறிப்புகளைத் தொகுத்து எழுதியது அது. ஒன்றரை வயதுக்கு முன் தொடங்காதீர்கள். குழந்தை ஆயத்தமானதற்கு அறிகுறிகளைப் பாருங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள் என்பது அவர் முறை. அம்முறையிற் பழகிய குழந்தைகள் பகற் பழக்கத்தைச் சராசரியாக 28½ மாதத்தில் அடைந்தனர். இரவும் நனையாதிருக்க 33 மாதம் ஆயிற்று. பெண் குழந்தைகள் ஆண் குழந்தைகளைவிடச் சிறிது முந்தினர்.

அவர் வழி வந்த மருத்துவர்கள் கூறும் அறிகுறிகள் எவை? குழந்தை பகலில் இரண்டு மணி நேரமாவது நனையாதிருத்தல், தானே நடந்து சென்று அமர்ந்து எழுதல், உடையைத் தானே கீழிறக்குதல், "அதை எடுத்து வா" என்றாற் புரிந்துகொள்ளுதல், ஈரத்தை வெறுத்தல். இவற்றினும் தெளிவான குறியாக நான் கருதுவது குழந்தையின் சொல். "மூச்சா" என்னும் சொல்லை அது எப்போது சொல்கிறது என்று கவனியுங்கள். முதலில், எல்லாம் முடிந்தபின் தரையைச் சுட்டிக்காட்டிச் சொல்லும். சில வாரம் சென்று, நிகழும்போதே நின்று சொல்லும். பின்னர் ஒருநாள், நிகழ்வதற்கு முன்னே ஓடிவந்து சொல்லும். முடிந்தபின் சொல்லும் குழந்தையை அடிக்கும் தாய், பாடத்தின் முதற் பக்கத்தைச் சரியாகப் படித்த மாணவனை அடிக்கும் ஆசிரியரை ஒப்பாள்.

இவ்வாறு மேல்நாட்டார் ஒன்றரை வயதுக்கு முன் இயலாது என்று முடிவு கட்டியிருந்த வேளையில், 1977-இல் ஒரு செய்தி அவர்களைக் கலக்கியது. டி விரீஸ் என்னும் பெயருடைய மற்றோர் இருவர், கணவரும் மனைவியும், கிழக்கு ஆப்பிரிக்காவில் கென்யாக் கடற்கரையில் வாழும் டிகோ மக்களிடையே இருந்து ஆராய்ந்து எழுதினர். (முன் சொன்ன ஹாலந்து அறிஞரோடு பெயர் ஒத்தது தற்செயலே.) அம்மக்களின் தாய்மார் குழந்தை பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே பழக்கத் தொடங்குகிறார்கள். நிலத்தில் அமர்ந்து கால்களை நீட்டி, கால்களுக்கிடையே குழந்தையை அமர்த்தி, "ஷூஸ்" என்று ஒலியெழுப்புகிறார்கள். ஐந்தாறு மாதத்தில் குழந்தை பகலிலும் இரவிலும் பெரும்பாலும் நனையாதிருக்கிறது. இதனைப் படித்தபோது எனக்கு நம் முற்றத்துப் பாட்டியே கண்முன் தோன்றினார். நீட்டிய கால், சீறொலி, வேளை தவறாமை. எல்லாம் ஒன்றாகவே இருந்தன.

அப்படியாயின் மக்ரா கண்டது பொய்யோ? அன்று. அமெரிக்கத் தாய் மணி பார்த்தாள். டிகோத் தாய் குழந்தையைப் பார்த்தாள். நாள் முழுதும் தன் உடம்போடு ஒட்டியிருக்கும் குழந்தையின் நெளிவையும் முகக்குறிப்பையும் அவள் அறிந்து, அதற்கு முந்திக்கொண்டாள். அங்கே முதலிற் பயிற்சி பெறுவது தாய். ஒலிக்கு இசைந்து கொடுப்பது குழந்தை. தானே உணர்ந்து, அடக்கி, இடம் தேடிச் செல்லும் பழக்கம் அதனின் வேறானது. அதற்கு நரம்பின் முதிர்ச்சியும் நடையும் சொல்லும் வேண்டும். அது ஒன்றரை இரண்டு வயதுக்குமுன் வருவதில்லை. ஆகவே எப்போது தொடங்குவது என்ற ஒரு கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருந்தன. இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையாலேயே அறிஞர்கள் ஐம்பதாண்டுகள் முரண்பட்டனர். முதல் முறைக்கு விலையும் உண்டு: நாள் முழுதும் குழந்தையோடு இருக்கக்கூடிய ஒருவர் வேண்டும். விடியுமுன் மீன் வாங்கிக் கூடையிற் சுமந்து தெருத்தெருவாக விற்கச் செல்லும் தாய்க்கும், அலுவலகம் செல்லும் தாய்க்கும் அது எளிதன்று. வீட்டில் பாட்டி இருந்தால் வேறு செய்தி.

தாயும் குழந்தையும் ஆயத்தமானாற் போதுமா? இடம் வேண்டுமே! இக்கேள்வியை மேல்நாட்டு நூல்கள் எழுப்புவதில்லை. அவர்கள் வீட்டில் அது இருந்தது. கடலோரக் குடிசையில் தரை மணல். குழந்தை எங்கிருந்தாலும் மணலோடு வாரி எறிந்தால் வேலை முடிந்தது. 1970-இல் தமிழக அரசு குடிசைப்பகுதி மாற்று வாரியத்தை நிறுவியது. பட்டினப்பாக்கத்திலும் அவ்வாரியத்தின் அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. (2021 முதல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என வழங்குகிறது.) மணல் போய்ச் சிமெண்டுத் தரை வந்தது. மணல் மன்னித்ததைச் சிமெண்டு மன்னிப்பதில்லை. மாடிவீட்டுக் குழந்தையை எத்தனை முறை கீழே தூக்கிச் செல்வது? வேளையறிந்து பழக்கும் தேவை தாய்க்கு முன்னினும் மிகுந்தது.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சுட்ட வேண்டும். குழந்தையின் மலம் தீங்கற்றது என்று நம்மிற் பலர் எண்ணுகிறார்கள். உண்மை மாறானது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளும் குடற்புழுவின் முட்டைகளும் சிறு குழந்தைகளின் மலத்தில் மிகுதியாக இருத்தல் கூடும். இளம்பிள்ளைவாத நச்சுயிர் பல வாரம் அதன்வழியே வெளிப்படும். 2014-இல் நம் நாடு அந்நோயினின்று விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது; முன்னாளில் அது பரவிய பெருவழி இதுவே. வாசலில் ஒரு பிள்ளை இருந்த இடத்தில் இன்னொரு பிள்ளை தவழ்ந்து, கையை வாயில் வைக்கிறது. ஆகவே எப்போது தொடங்குவது என்பது தாயின் வசதியைப் பற்றிய கேள்வி மட்டுமாக நிற்பதில்லை. அண்டை வீட்டுக் குழந்தையின் உயிரையும் தொடுகிறது.

பொதுக் கழிப்பிடம் கட்டினாலும் குழந்தை அங்கே செல்வதில்லை. பெரியவர் காலுக்கு அளவாக அமைத்த மேடையிற் சிறு கால்கள் எட்டா. குழிக்குள் விழுந்துவிடுவோம் என்ற அச்சம். இருட்டு. வெளியே காத்திருக்கும் பெரியவர்களின் அதட்டல். இதனை உணர்ந்து திருச்சிராப்பள்ளியில் கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம் நகரத்துக் குடிசைப்பகுதிகளிற் சிறுவர்க்கெனத் தனிக் கழிப்பிடங்களை அமைத்தது. ஆழம் குறைந்த சிறு பீடங்கள். அடி வைக்கும் மேடைகள் நெருக்கமாக. இருட்டறை இல்லாமல் வெளிச்சமாக. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பிள்ளைகள் அமரலாம். தமிழ்நாட்டு அங்கன்வாடிகள் பலவற்றிலும் பின்னர் இத்தகைய சிறு பீடங்கள் வந்தன. பிள்ளை பிள்ளையைப் பார்த்தே விரைவில் கற்கிறது என்பதை அங்கே பணிபுரியும் ஆசிரியைகள் யாரும் சொல்வார்கள்.

இன்னொரு மாற்றமும் நம் கண்முன் நிகழ்ந்துவருகிறது. அமெரிக்காவில் ஒருமுறை அணிந்து எறியும் அரையாடை விற்பனைக்கு வந்தது. ஈரத்தை உறிஞ்சிக் குழந்தைக்குத் தெரியாமல் மறைப்பதே அதன் திறமை. ஈரம் தெரியாத குழந்தைக்கு ஈரத்தின்மேல் வெறுப்பும் வருவதில்லை. வேறு காரணங்களும் சேர்ந்து, அந்நாட்டில் இப்பழக்கம் நிறைவேறும் வயது மூன்றை ஒட்டிச் சென்றுவிட்டது. இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மட்டுமன்றிப் பட்டினப்பாக்கத்துச் சிறு கடையிலும் அது சரமாகத் தொங்குகிறது, ஒன்றிரண்டாகப் பிரித்தே விற்கிறார்கள். வாங்கும் தாய் அதனை இரவுப் பயணத்துக்கும் மருத்துவமனைக்கும் என்று வைத்துக்கொண்டு, வீட்டில் பிள்ளையை அரைஞாணோடு திரியவிடுகிறாள். கீழிறக்க உடையும் இல்லை. ஈரம் உடனே தெரிகிறது. சுவரோரம் சிவப்புப் பிளாஸ்டிக் பீடம் ஒன்று கவிழ்ந்து கிடக்கிறது. பிள்ளை அதன்மேல் ஏறி நின்று கடலைப் பார்க்கிறது. பதினைந்து மாதம் இருக்கும். இன்னும் சில மாதம் போகவேண்டும்.